ஒரே ஒரு சாவி

எங்கள் ஷெட்டை வாடகைக்குக் கேட்டு வந்த அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "நீங்க பகல்ல தூங்குவீங்களா?"

கிரைண்டரை நிறுத்திவிட்டு, கை நிறைய மாவோடு வந்து நிற்கிறேன். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? "எதுக்குண்ணா கேக்குறீங்க?" என்றேன். "இல்ல அம்மிணி, நீங்க தூங்குற நேரத்துல ஷெட்டுக்குள்ள யாரு வர்றா போறான்னு தெரியணுமில்லே" என்றார். தினமும் தோசை மாவு அரைத்து மட்டாஞ்சேரியில் பாதிக் கடைகளுக்குப் போடுகிறவள் பகலில் எங்கே தூங்குவது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. வாடகை போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் கூரை ஓடுகளைத் தட்டிப் பார்த்தார். எலி உண்டா என்றார். எதிர்த்த மளிகைக்கடைக்காரர் எப்படிப்பட்டவர் என்றார். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார் என்றதும் முகம் மாறியது. "ஆட்டோக்காரங்களுக்கு எல்லா வண்டி மேலயும் ஒரு கண்ணு இருக்கும்" என்றார். அதை என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே சொன்னார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கலாம். எங்களைப் போலவே தமிழ் பேசுகிற குடும்பம். பாலக்காட்டிலிருந்து வந்து எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில் மனைவியோடு குடியிருந்தார். அவரை அண்ணா என்று கூப்பிட்டதால் அவர் மனைவி எனக்கு அண்ணி. மஸ்கட்டில் ஏதோ ஒர்க் ஷாப்பில் வெகுகாலம் சூப்பர்வைசராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் வீட்டுக்குப் போகிற சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். அதில் அவருடைய வண்டி நுழையாது. எங்கள் வீட்டு முன்ஷெட்டில் முன்பு என் வீட்டுக்காரரின் சரக்கு ஆட்டோ நின்றது. அதை விற்றபின் காலியாகத்தான் கிடந்தது; இப்போது ஓட்டுகிற சவாரி ஆட்டோ தெருவோரமே நிற்கும்.

ஏதோ ஒரு பைக் வரப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். வந்ததைப் பார்த்து இக்கா கடையை விட்டு இறங்கி வந்துவிட்டார். எதிர்த்த மளிகைக்கடைக்காரரை நாங்கள் இக்கா என்றுதான் கூப்பிடுவோம். "இது பைக்கல்ல மோளே, போட்டாணு" என்றார். படகு என்று அவர் சொன்னதில் தப்பில்லை. முன்னால் கார்போலக் கண்ணாடி. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெரிய பெட்டி. பாட்டுக் கேட்க ஸ்பீக்கர். குளிரில் கை விறைக்காமல் இருக்கச் சூடாகிற கைப்பிடி வேறு. கொச்சியில் எந்தக் குளிருக்கு என்று கேட்டால் பதில் கிடையாது. பின்சீட்டில் முதுகு சாய்க்க மெத்தை, கை வைக்க இரண்டு பக்கமும் தாங்கல். எங்கள் வீட்டில் அவ்வளவு சொகுசான நாற்காலி இல்லை. இதெல்லாம் போதாதென்று ரிவர்ஸ் கியர். ஒரு பொத்தானை அழுத்தினால் முனகிக்கொண்டே பின்னால் நகர்ந்து ஷெட்டுக்குள் போய் நின்றது. தெருவே கைதட்டியது. அவர் மட்டும் யார் யார் கைதட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி புதிதல்ல. காக்கநாட்டில் பெரிய ஐடி கம்பெனியில் இருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றது. வாங்கின மனிதர் சந்தோஷப்படவேண்டும் அல்லவா? "வெளிநாடு போறேன்னு சொன்னான். போனானான்னு யாரு பார்த்தா?" என்பார். வாங்கினபிறகும் காக்கநாடுவரை போய் அந்த பிளாட் பூட்டிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாராம். பூட்டித்தான் கிடந்ததாம். அதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. "சாவி ரெண்டு குடுக்கணும். ஒண்ணுதான் குடுத்தான். இன்னொண்ணு தொலைஞ்சுபோச்சாம்" என்று எங்களிடம், இக்காவிடம், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னார்.

வண்டியை நிறுத்தியதும் டயரிலும் தரையிலும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். யாராவது நகர்த்தினால் கோடு விலகிவிடும். மறுநாள் வந்ததும் முதலில் குனிந்து கோட்டைப் பார்ப்பார். அப்புறம்தான் என்னைப் பார்ப்பார். இடப்பக்கக் கண்ணாடியில் எங்கள் வாசல் நிலையின் எந்த மூலை தெரியும் என்றுகூடக் கணக்கு வைத்திருந்தார். கிரைண்டர் ஓடினால் தரை அதிர்கிறது, அதில் வண்டியின் நட்டுகள் தளரும் என்று ஒருநாள் முறையிட்டார். "அப்போ நான் ஆட்டுக்கல்லுல அரைக்கட்டுமாண்ணா?" என்று கேட்டேன். யோசிக்கிற மாதிரி நின்றார். நிஜமாகவே யோசித்தார்.

ஒரு சனிக்கிழமை பெட்ரோல் டேங்கின்மேல் மாவுக்கை பட்ட தடம் இருந்தது. கூப்பிட்டுக் காட்டினார். என் மகளை விசாரித்தார். என் விரலைத் தடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன், சேரவில்லை. அதற்குள் இக்கா கடையிலிருந்தே குரல் கொடுத்தார்: "சேட்டா, மாவுப் பாக்கெட்டு நிங்கட கையிலல்லே!" ஆமாம், சனிக்கிழமைதோறும் என்னிடம் வாங்குகிற மாவுப் பாக்கெட் அவர் கையில்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் தன் விரலைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அவர் எங்களைச் சந்தேகப்பட்டால் நாங்கள் சும்மா இருப்போமா? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கறுப்புச் சட்டை, கையுறை, ஹெல்மெட்டோடு தனியாகக் கிளம்பிவிடுவார். எங்கே என்று சொல்லமாட்டார். பொழுது சாயும்முன் திரும்பிவிடுவார். விமானத்தில் வருகிற தங்கத்தை அந்தப் பெட்டிகளில் வைத்துக் கடத்துகிறார் என்றது தெரு. களமசேரியில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றார்கள் சிலர். நான் இரண்டையுமே நம்பினேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அப்படிப்பட்ட வண்டியைத் தனியாக ஓட்டிப்போகிற மனிதரிடம் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்து வந்தார். கலூரில் சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்தப் பெரிய வண்டி ஒரு சாயாக்கடை முன் நின்றதாம். இவர் எதிர்ச்சாரியில் ஆட்டோவைப் போட்டுவிட்டு ஒளிந்து பார்த்தாராம். "என்ன பண்ணிட்டிருந்தார்?" என்றேன் ஆவலோடு. "ஒண்ணும் பண்ணல. சாயா குடிச்சிட்டு வண்டியைப் பார்த்துட்டே இருந்தார்" என்றார். "அவ்ளோதானா?" "அவ்ளோதான். சாயாவைக்கூடப் பார்க்கல."

அதற்கப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். உண்மையாகவே ஊரெல்லாம் போய்வந்திருந்தார். தேக்கடி, வாகமண் என்று பேச்சுவாக்கில் தானாக விழும். மூணாறு போய்வந்த மறுநாள் கேட்டேன்: "எப்படியிருந்துச்சுண்ணா மூணாறு?"

"பார்க்கிங் மோசம்" என்றார்.

"மலையெல்லாம்?"

"மலைப்பக்கம் நிறுத்தினா மேல இருந்து கல்லு விழும். இந்தப் பக்கம் நிறுத்தினா பஸ்காரன் உரசுவான். ஒரு ஓட்டல்ல ஜன்னலோரமா இடம் கிடைச்சுது, அங்கேருந்து வண்டி தெரியும். பரோட்டா சாப்பிட்டு வந்துட்டேன்." அவ்வளவு பெரிய வண்டியில் மூணாறுக்குப் போய் ஒரு ஜன்னல் வழியாகத் தன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அன்று அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. நாங்கள் கட்டின தங்கக் கதையே அவருக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

அண்ணி பாலக்காட்டுக்காரர். பொடிப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். நிதானமான பேச்சு, ஆனால் அந்தப் பேச்சில் ஊசி இருக்கும். அந்த வண்டியில் ஒருமுறைகூட அவர் ஏறியதில்லை. பின்சீட்டின் உறையைக்கூட அண்ணா கழற்றியதில்லை. "பின்னால ஆளிருந்தா பேலன்ஸ் மாறும். இவ சும்மா உட்காரமாட்டா, திரும்பித் திரும்பிப் பார்ப்பா" என்று காரணம் சொல்வார். அதே மனிதர் சர்வீஸுக்குக் கொடுத்தபோது, ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று மெக்கானிக் சொன்னதும், தனியாக அனுப்ப மனமில்லாமல் தானே பின்சீட்டில் ஏறி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாராம். இதை அண்ணியே என்னிடம் சொன்னார். "அந்தச் சீட்டுல ஒருத்தர் உட்கார்ந்தாச்சு மோளே. யாருன்னுதான் கேக்காதே" என்றார். சிரித்தார். அம்மா வீட்டுக்குப் பாலக்காட்டுக்கு அந்த வண்டியில் ஒருதரம் போகவேண்டும் என்று அண்ணிக்கு ஆசை இருந்தது. வாங்கின வருடம் அண்ணாவும் தலையாட்டியிருந்தாராம். அண்ணி ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில்தான் போனார்.

வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். சாவி தொலைந்த நாள் வேடிக்கையானதல்ல.

மத்தியான வேளை. அவர் வெளுத்த முகத்தோடு ஷெட்டுக்கு வந்தார். பின்னாலேயே அண்ணி. சாவிக்கொத்தைக் காணோம். பாக்கெட்டில் இல்லை, ஆணியில் இல்லை. எங்கள் ஷெட்டை அலசினார். என் அரிசி டிரம்மில் கைவிட்டுத் துழாவினார். இக்காவின் கடைவாசலில் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, "எங்கே வெச்சே?" என்றார்.

"நான் எடுக்கல."

"வித்துடுவேன்னு சொன்னியா இல்லியா?"

"அது கோவத்துல சொன்னது. எப்பவோ சொன்னது."

"இருக்கறது ஒரே சாவி. அது உனக்குத் தெரியும். எடுத்துட்டா வண்டி அசையாதுன்னு தெரியும்."

தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணி ஓரடி முன்னால் வந்தார். "கர்ப்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன். போதுமா?" என்றார். எங்களில் அது கடைசிச் சத்தியம். கொளுத்திய கர்ப்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தபின் அதற்குமேல் யாரும் யாரையும் எதுவும் கேட்கக்கூடாது. எந்த மனிதனும் பெண்டாட்டியை அந்த அளவுக்குக் கொண்டுபோக மாட்டான், விட்டுவிடுவான் என்று நினைத்தேன். "பண்ணு" என்றார் அவர்.

சாமிப்படத்தின் முன்னாலிருந்து கர்ப்பூரத்தை எடுத்துக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணியே இக்கா கடையில் போய் வாங்கிவந்தார். வண்டிக்கு முன்னால் தரையில் வைத்துக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கையில் கரி. ஒருவரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டி எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சாவி கிடைத்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் மெத்தைக்கும் ஓட்டுக்கும் இடையில் புகுந்திருந்ததாம். "ஆ, இங்க இருக்கு" என்றாராம். அண்ணியிடம் வேறொன்றும் சொல்லவில்லையாம்.

அதன்பிறகு நான் அவரிடம் அளந்துதான் பேசினேன். மாவு கேட்டால் மாவு, வாடகை கொடுத்தால் வாடகை.

அவருக்கு ஹெர்னியா வந்ததும் இந்தக் குணத்தால்தான். தோப்பும்படியில் சிக்னலுக்காக நின்றபோது ஒரு பள்ளத்தில் கால் நழுவி வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. தூக்கிவிட நாலு பேர் ஓடிவந்தார்களாம். "தொடாதே! தொடாதே!" என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, யானைக்குட்டி கனமுள்ள அதைத் தனியாளாக நிமிர்த்தினார். வண்டி நிமிர்ந்தது, குடல் இறங்கியது. களமசேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கூட அண்ணி போனார். கிளம்பும்முன் வண்டியின் ஹேண்டிலைப் பூட்டி, சக்கரத்தைச் சங்கிலியால் எங்கள் ஷெட்டுத் தூணோடு பிணைத்துப் பூட்டி, கோடு போட்டு, சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டு, பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

விருச்சிக மாதத்தில், அதாவது கார்த்திகையில், எங்கள் பக்கம் வேலியேற்றம் வரும். காயல் பொங்கி, ஓடைகள் வழியாக எதிர்த்து வந்து, விடிகாலையில் தெருவுக்குள் உப்புத் தண்ணீர் ஏறும். சில மணி நேரத்தில் இறங்கிவிடும். வழக்கமாகக் கணுக்கால்தான். அந்த வருடம் விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தால் தண்ணீர் முதற்படியைத் தாண்டிவிட்டது. கிரைண்டர் அறைக்குள்ளும் வந்தது. நானும் மகளும் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றினோம். கிரைண்டர் மோட்டாருக்கு அடியில் செங்கல் கொடுத்தோம். அதற்குள் என் வீட்டுக்காரர் ஷெட்டிலிருந்து கத்தினார்: "வண்டிச் சக்கரம் பாதி முங்கிடுச்சு! உப்புத்தண்ணி எஞ்சின்ல ஏறிச்சுன்னா இரும்பு வெலைக்குத்தான் போகும்!"

போனேன். இக்காவும், எதிர்க் கிடங்கில் மிளகு மூட்டை தூக்குகிற இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். தள்ளிக்கொண்டுபோய் மாரியம்மன் கோயில் முன்மேட்டில் ஏற்றிவிட ஆள் இருக்கிறது. ஆனால் ஹேண்டில் பூட்டு, சங்கிலிப் பூட்டு. சாவி களமசேரியில்.

போனில் வீடியோ கால் போட்டேன். அண்ணிதான் எடுத்துப் பேசினார். பிறகு போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அண்ணா, வேலியேத்தம். ஷெட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு."

"அதெப்படி? ஷெட்டுல இதுவரைக்கும் வந்ததில்லையே."

"இன்னைக்கு வந்திருக்கு!"

"கேமராவைத் தண்ணிகிட்ட கொண்டுபோங்க." கொண்டுபோனேன். "இது உங்க ஷெட்டுதானா? சுவரைக் காட்டுங்க." காட்டினேன். "கையை விடுங்க." முழங்கைவரை விட்டேன். நக்கியும் காட்டினேன், உப்பு என்று. எனக்கு வந்த கோபத்தில் போனை அந்தத் தண்ணீரிலேயே போட்டிருப்பேன். என் மாவு கெடுகிறது, என் மூட்டை நனைகிறது. இவர் வண்டிக்காக நான் உப்புத்தண்ணீரை நக்கிக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணி ஆட்டோ பிடிச்சு சாவியைக் கொண்டுவர முடியுமா?" என்றேன்.

"இங்கேருந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும் மோளே. பாலமெல்லாம் பிளாக்கா இருக்கும்" என்றது அண்ணியின் குரல்.

திரையில் அண்ணாவின் முகம் மட்டும். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். அப்போது அவர் கண் போனைத் தாண்டி, போனைப் பிடித்திருந்தவரைப் பார்த்தது. "நீ கொஞ்சம் வெளியே போய்ட்டு வா" என்றார்.

"போனை யார் பிடிக்கிறது?" என்றார் அண்ணி.

"ஸ்டூல்ல வெச்சிட்டுப் போ."

"நான் போகல. சொல்றதைச் சொல்லுங்க."

இங்கே என் வீட்டுக்காரர் தண்ணீருக்குள் நின்று, "சீட்டுக்கு ஒரு சாண்தான் இருக்கு" என்று கத்தினார். சாண் எல்லாம் இல்லை, நிறையவே இருந்தது, அவர் அப்படித்தான். ஆனால் அது ஆஸ்பத்திரிவரை கேட்டுவிட்டது. திரையில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மிணி. உங்க கிரைண்டர் ரூம்ல பழைய ஆட்டுக்கல்லு இருக்கில்லே. குழவியைத் தூக்குங்க. அடியில பிளாஸ்டிக் கவர்ல இன்னொரு சாவிக்கொத்து இருக்கு."

சொல்லி முடித்ததும் திரை ஆடியது. பிறகு ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. அண்ணி போனை வைத்துவிட்டார்.

மின்கிரைண்டர் வாங்கினதிலிருந்து அந்தக் குழவியை நான் தொட்டதில்லை. தூக்கினேன், இருந்தது. அந்த ஐடிக்காரர் இரண்டு சாவியும்தான் கொடுத்திருக்கிறார். பூட்டுகளைத் திறந்து, ஐந்து பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிக் கோயில் மேட்டில் ஏற்றினோம். எஞ்சினுக்குத் தண்ணீர் போகவில்லை. தார்ப்பாயைப் போர்த்திவிட்டு எல்லோரும் சாயா குடித்தார்கள். பகலுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது; தெருவில் சேறு மிச்சம். எனக்கு வேறொன்று மிச்சமானது.

முதலில் மிளகுக் கிடங்கு ஆட்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சாவி குடுத்து வெக்கற அளவுக்கு அடுப்பமா?" என்றார். அடுப்பம் என்றால் நெருக்கம். அவரை முறைத்தேன். ஆனால் அன்று சாயந்தரம் சோறு போடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த ஆட்டுக்கல் பக்கம் அவர் எப்போ வந்தார்?"

"எனக்கெப்படித் தெரியும்? சனிக்கிழமை மாவு வாங்க வர்றப்ப, நான் கவர் எடுக்க உள்ள போயிருப்பேன். அப்போ வெச்சிருப்பார்."

"குழவி கனமாச்சே. சத்தம் கேட்டிருக்குமே."

"கிரைண்டர் ஓடிட்டிருக்கும்! என்ன கேக்குறீங்க இப்போ?"

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒன்றும் கேட்கவில்லை என்கிற மனிதருக்கு என்ன பதில் சொல்வது? பதினெட்டு வயதில் கட்டிக்கொண்டவர், என்னைத் தெரிந்தவர். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அண்ணிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. கர்ப்பூரம் அணைத்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன், அழுத முகத்தோடு. இன்னொரு சாவி என் வீட்டில் இருப்பதைத் தெரிந்துகொண்டே அழுததாகத்தான் இப்போது அவர் நினைப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரு என்ன வேண்டுமானாலும் பேசட்டும். தங்கம் கடத்தல் பேசின தெருதானே.

சாவிக்கொத்தை அவருக்குக் கொடுத்தனுப்பவில்லை, பழைய இடத்திலும் வைக்கவில்லை. இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வேறொரு ஆளின் போனில் கூப்பிட்டு, "அதை அவகிட்ட மட்டும் குடுக்காதீங்க அம்மிணி" என்றார். வண்டி எப்படி இருக்கிறது என்பதை அதற்கப்புறம்தான் கேட்டார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று இருவரும் நேராகக் கோயில் மேட்டுக்குத்தான் வந்தார்கள். நான் முன்பே போய் நின்றுகொண்டேன். வீட்டுக்காரரையும் வா என்று கையைப் பிடித்து இழுத்துப்போயிருந்தேன். அண்ணா இளைத்துப்போய், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். தார்ப்பாயை விலக்கச் சொல்லி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

"சாவி?" என்று கையை நீட்டினார்.

அதே நேரத்தில் அண்ணியும் கையை நீட்டினார். பேசாமல், அவருக்குப் பக்கத்திலேயே.

நான் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தேன். கொடுக்கவில்லை. "அண்ணா, ஒண்ணு சொல்லிட்டு வாங்கிக்குங்க. இது எங்க வீட்டுல இருந்தது எனக்குத் தெரியுமா, தெரியாதா? அண்ணி முன்னாடி சொல்லுங்க. இவர் முன்னாடி சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். இக்கா வந்திருந்தார், மிளகுக் கிடங்கு ஆட்கள் இருந்தார்கள். தெரியாது என்றால் அடுத்தவர் வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து ஒளித்துவைத்தவர் ஆவார். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவருக்குச் சௌகரியம். எனக்குத்தான் வீட்டிலும் தெருவிலும் முகமில்லாமல் போகும். இந்த மனிதர் எனக்காக எதற்கு உண்மை சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இவங்களுக்குத் தெரியாது" என்றார்.

"தெரியாம அவங்க வீட்டுல எதுக்கு வெச்சீங்க?" என்றார் அண்ணி. ஆஸ்பத்திரியிலிருந்தே தேக்கிவைத்த கேள்வி.

"அங்க வெச்சா நீ தேடமாட்டே. அவங்களும் எடுக்கமாட்டாங்க. அடுத்தவங்க பொருளைத் தொடற ஆளில்ல."

"அப்போ அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டே வெச்சிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது?" என்றார். அவருக்கே எரிச்சலாக இருந்தது, இதைக்கூட விளக்கவேண்டுமா என்று. "சொல்லியிருந்தா, நீ கர்ப்பூரம் கொளுத்தினியே, அன்னைக்கே எடுத்துவந்து எல்லார் முன்னாடியும் உன் கையில குடுத்திருப்பாங்க. அதனாலதான் சொல்லல."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி இப்போதுதான் என்னைப் பார்த்தார். என் வாழ்நாளில் ஒருவரும் என்னைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அழுகை வந்தது, அந்த மனிதரை அறையவேண்டும் போலவும் இருந்தது. யார் நல்லவர் என்று இவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பூட்டியிருக்கிறார்.

நீட்டியிருந்த இரண்டு கைகளில் அண்ணியின் கையில் சாவியை வைத்தேன்.

"பார்த்தியா?" என்றார் அவர் அண்ணியிடம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "இதைத்தான் சொன்னேன்."